திஸ்ஸ பாலசூரிய அடிகளாரின் இறையியற் பணி: பல்கலைக்கழகமும் திருச்சபையும் – ஒரு விமர்சன நோக்கு

இலங்கையின் நவீன சிந்தனை வரலாற்றினை எழுத முற்படுவோர் பௌத்த மறுமலர்ச்சி, சைவ மறுமலர்ச்சி, இடதுசாரி இயக்கம் என்பவற்றுக்கு உரிய இடத்தினை வழங்குவது வழக்கம். கிறிஸ்தவர்களைப் பற்றிக் கூறுமிடத்து மிசனரிமாரின் கல்விப் பணி, அச்சுப் பணி, அகராதிப் பணி என்பவற்றோடு நின்றுவிடுவதும் வழக்கமாகவே இருந்து வந்துள்ளது. கிறிஸ்தவத்தின் உள்ளிருந்தே அதன் அதிகார அமைப்பினையும் கோட்பாட்டு அடிப்படையினையும் வினாவுக்குட்படுத்திய சிந்தனைப் போக்கொன்று 1960களின் பின்னர் இந்நாட்டில் எழுந்தது. அப்போக்கு நமது ஆய்வாளர்களின் கவனத்தினைப் போதியளவு பெறவில்லை. பதுளையின் ஆயர் லியோ நாணயக்கார, குருநாகலின் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க, களனியில் துலானா ஆய்வகத்தினை நிறுவிய அலோசியஸ் பீரிஸ், கண்டியில் சத்தியோதயத்தினை நிறுவிய போல் கஸ்பர்ஸ், 1987 இல் புத்தளைக் கிராமத்திற் சுட்டுக் கொல்லப்பட்ட மைக்கல் றொட்றிகோ ஆகியோர் இப்போக்கின் வெவ்வேறு முகங்கள். இவர்களுள் திருச்சபையின் மிகக் கடுமையான தண்டனைக்கு உள்ளானவர் திஸ்ஸ பாலசூரிய அடிகளார் (1924–2013).

இக்கட்டுரை அவருடைய வாழ்க்கை வரலாறன்று. அவர் புகழ் பாடுவதும் இதன் நோக்கமன்று. சமூக விஞ்ஞானப் பயிற்சி பெற்ற ஒரு குருவானவர் அப்பயிற்சியினைத் தமது சமயத்தின் அடிப்படைக் கோட்பாடுகளின் மீது பிரயோகித்தபோது யாது நிகழ்ந்தது, அப்பிரயோகம் எத்துணை வலுவுடையது, அதன் குறைபாடுகள் யாவை என்னும் வினாக்களே இங்கு ஆராயப்படுகின்றன.

பொருளியலிலிருந்து இறையியலுக்கு

வடமத்திய மாகாணத்தின் கஹட்டகஸ்திகிலியவில் 1924 இற் பிறந்த பாலசூரிய, இறையியலைக் கற்பதற்கு முன்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் பொருளியலைக் கற்றவர். இவ்வரிசை முறை முக்கியமானது. அமலமரித் தியாகிகள் சபையிற் சேர்ந்து, உரோமாபுரியின் கிரகோரியன் பல்கலைக்கழகத்தில் மெய்யியலும் இறையியலும் பயின்று, 1950களின் தொடக்கத்திற் குருத்துவ நிலை எய்திய பின்னரும், வறுமை, நிலம், உற்பத்தி, பங்கீடு என்னும் வினாக்களே அவருடைய சிந்தனையின் மையமாக இருந்து வந்தன. அவரது பிற்கால இறையியல் நூல்களை வாசிப்போர், வேதநூல் விளக்கத்தினை விடவும் பொருளாதார வரலாற்றின் தருக்கமே அவற்றில் மேலோங்கி நிற்பதைக் காணலாம். அவருடைய பலமும் பலவீனமும் ஒருங்கே இங்கிருந்துதான் தோன்றுகின்றன.

அமலமரித் தியாகிகள் 1847 இல் யாழ்ப்பாணத்திற்கு வந்தவர்கள். மொழியியலிலும் வரலாற்றிலும் உழைத்த நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் அச்சபையினரே. கத்தோலிக்க சமூகப் போதனையினை இலங்கையிற் பரப்பி, 1954 இற் கொழும்பில் அக்குவைனாஸ் பல்கலைக்கழகக் கல்லூரியினை நிறுவிய பீற்றர் பிள்ளை அடிகளாரும் அச்சபையினரே. ஆகவே புலமைத் துறையில் ஈடுபடும் குருவானவர் என்பது பாலசூரிய புதிதாகப் படைத்துக்கொண்ட பாத்திரமன்று. அது அவர் மரபாகப் பெற்றது. 1964 முதல் 1971 வரை அக்குவைனாஸ் கல்லூரியின் அதிபராக அவர் கடமையாற்றினார். இவ்வேழாண்டுகளும் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் (1962–1965) முடிவினையும், இலங்கையிற் படித்த இளைஞரின் வேலையின்மை ஒரு தேசியப் பிரச்சினையாக முற்றியதையும் உள்ளடக்கிய காலப்பகுதி என்பது கருதத்தக்கது.

1971 உம் அதன் பின்னரும்

1971 ஏப்ரலில் நிகழ்ந்த இளைஞர் கிளர்ச்சியும் அதனை அரசு ஒடுக்கிய முறையும் இந்நாட்டின் எல்லாச் சிந்தனையாளரையும் தம்மைத் தாமே விசாரிக்க வைத்தன. அதே ஆண்டில் பாலசூரிய அக்குவைனாஸ் கல்லூரியின் தலைமைப் பதவியிலிருந்து நீங்கிக் கொழும்பிற் சமூக சமய நிலையத்தினை நிறுவினார். பட்டங்களை வழங்கும் நிறுவனத்திலிருந்து விலகி, கருத்தரங்கு, சிறு வெளியீடு, ‘லோகோஸ்’ சஞ்சிகை, மக்கள் அமைப்புகளுடனான தொடர்பு என்பவற்றினூடாக இயங்கும் நிலையமொன்றினைத் தேர்ந்துகொண்டமை வெறும் பதவி மாற்றமன்று. அறிவு எவருக்காக உற்பத்தி செய்யப்படுகிறது என்னும் வினாவுக்கு அவர் நடைமுறையில் அளித்த விடை அதுவாகும். பெருந்தோட்டத் தொழிலாளர், மீனவர், சுதந்திர வர்த்தக வலயப் பெண் தொழிலாளர் ஆகியோரின் பிரச்சினைகள் அந்நிலையத்தின் அக்கறைக்குரியனவாயின. இனப்பிரச்சினைக்கு இராணுவத் தீர்வன்றி அரசியல் தீர்வே வேண்டும் என்னும் நிலைப்பாட்டினைச் சிங்களப் பெரும்பான்மையினரிடையே நின்று அது வெளியிட்டு வந்தமையையும் தமிழ் வாசகர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

எனினும் இத்தேர்வுக்கு ஒரு விலையும் இருந்தது. பல்கலைக்கழகப் பதவியொன்று வழங்கக்கூடிய நிறுவனப் பாதுகாப்பினை அவர் துறந்துவிட்டார். இதன் விளைவு கால் நூற்றாண்டின் பின்னரே வெளிப்பட்டது.

1976 இல் தார் எஸ் சலாமிற் கூடிய மூன்றாம் உலக இறையியலாளர் ஒன்றியத்தின் தோற்றத்திற் பாலசூரியவுக்கு முக்கிய பங்குண்டு. 1979 இல் வென்னப்புவையில் நடைபெற்ற ஆசிய இறையியல் மாநாட்டில், விடுதலை இறையியல் இலத்தீன் அமெரிக்காவிலிருந்து அப்படியே இறக்குமதி செய்யத்தக்கதா என்னும் விவாதம் எழுந்தது. ஆசியாவின் வறுமையினையும் ஆசியாவின் பன்முகச் சமயத்தன்மையினையும் பிரித்துப் பார்த்தலாகாது என அலோசியஸ் பீரிஸ் வாதிட்டார். பீரிஸ் பௌத்த மூலநூல்களினூடாக ஆசியச் சமயத்தன்மையினை அணுகியவர்; பாலசூரியவோ காலனித்துவ வரலாற்றினூடாகவும் உலகப் பொருளாதாரத்தினூடாகவும் அதனை அணுகியவர். ஒருவரின் குறையினை மற்றவர் நிரப்பினார் என்பதே பொருத்தமான மதிப்பீடாகும்.

மூன்று நூல்கள்

பாலசூரியவின் எழுத்துக்களுள் மூன்று நூல்கள் இங்கு கவனத்திற்குரியன. ‘நற்கருணையும் மனித விடுதலையும்’ என்னும் பொருள்படும் முதலாவது நூல் 1977 இற் கொழும்பில் வெளிவந்தது. அதன் அடிப்படை வினா மிக எளியது: பல நூற்றாண்டுகளாக ஒவ்வொரு வாரமும் ஒரே அப்பத்தினைப் பகிர்ந்துண்ட சமுதாயங்கள், எவ்வாறு அதே நூற்றாண்டுகளில் அடிமை வாணிகத்தினையும் காலனித்துவத்தினையும் மனச்சான்றின் உறுத்தலின்றி நடத்த முடிந்தது? பகிர்தலின் சடங்கு, பகிர்தலை மறுக்கும் வர்க்கத்தினரின் சடங்காக மாற்றப்பட்டுவிட்டது என்பது அவர் கண்ட விடை. சடங்கினைச் சமூக உறவுகளின் அடிப்படையில் ஆராயும் இம்முறை, நமது ஆலயங்களிற் சாதி ஒடுக்குமுறை நிலைபெற்ற வரலாற்றினை அறிந்த வாசகருக்குப் புதிதன்று. ஒரே கடவுளை வணங்கியோர் ஒரே வாயிலால் உட்செல்ல முடியாதிருந்த நாடு இது. அந்நூலின் வலிமை அதன் நேர்மையான வினாவிலேயே தங்கியுள்ளது.

1984 இல் வெளிவந்த ‘கோளளாவிய இறையியல்’ என்னும் நூல் பரப்பிற் பெரியது. 1492 இன் பின்னர் ஐரோப்பியர் உலகின் பெரும் நிலப்பரப்புகளைக் கைப்பற்றிக் குடியேறியமையும், அதன் பின்னர் அரச எல்லைகளாலும் குடிவரவுச் சட்டங்களாலும் அக்கைப்பற்றலை நிரந்தரமாக்கியமையும் உலக அநீதியின் அடித்தளம் என அவர் வாதிட்டார். சனநெருக்கடி மிக்க ஆசிய நாடுகளுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டினை உபதேசிக்கும் உலகம், பரந்து கிடக்கும் நிலத்தினைப் பகிர்ந்துகொள்வது பற்றிப் பேச மறுப்பதேன் என்னும் அவரது வினா இன்றும் வலிமை குன்றாதது. அகதிகளாகக் கடல் கடந்த நமது மக்கள் எல்லைக் காவலர்முன் நின்ற அனுபவம் அதற்குச் சான்று.

ஆயினும் விமர்சகன் இவ்விடத்தில் ஒரு தடையினை எழுப்புதல் வேண்டும். மக்கள் தொகைக்கும் நிலப்பரப்புக்கும் இடையிலான விகிதத்தினை நீதியின் அளவுகோலாகக் கொள்ளும் தருக்கம், உலக அரங்கில் ஒடுக்கப்பட்டோரின் பக்கம் நிற்பதாகத் தோன்றினாலும், உள்நாட்டுக்குப் பொருத்தப்படும்போது வேறொரு விளைவினைத் தரலாகும். இந்நாட்டில் 1930களிலிருந்து அரசு நடத்திய குடியேற்றத் திட்டங்களுக்கும் நிலமற்றோருக்கு நிலம் வழங்குதல் என்பதே காரணமாகக் கூறப்பட்டது. கிழக்கிலும் வடக்கின் எல்லைப் புறங்களிலும் இன விகிதாசாரம் மாறியமை அதன் விளைவுகளுள் ஒன்று. நிலம் என்பது வெற்றிடமன்று. அது வரலாறும் மொழியும் அரசியல் உரிமையும் படிந்த வாழிடம். பாலசூரிய இனவாதக் குடியேற்றத்தினை ஆதரித்தார் என இதனாற் கொள்ளுதல் தவறு. அவருடைய நிலையத்தின் நிலைப்பாடு அதற்கு நேர்மாறானது. ஆனால் எண்ணிக்கையினை முதன்மைப்படுத்தும் நீதிக் கோட்பாடு, சிறுபான்மைத் தேசிய இனத்தின் வாழிட உரிமையினைப் பாதுகாப்பதற்குத் தன்னளவிற் போதுமானதன்று. பொருளியலாளரின் கணக்கு அரசியலாளரின் வினாவினை விழுங்கிவிடும் அபாயம் இங்குளது.

மூன்றாவது நூலே அவருடைய வாழ்வினைத் திசைதிருப்பியது. ‘மரியாளும் மனித விடுதலையும்’ என்னும் அந்நூல் 1990 இல் ‘லோகோஸ்’ வெளியீடாக வந்தது. பக்தி மரபிற் சாந்தமும் பணிவும் கன்னிமையும் உருவான அரசியாகப் போற்றப்படும் மரியாளை, பலத்தீனத்தின் ஏழைத் தாயாகவும் வலியோரின் வீழ்ச்சியினைப் பாடிய பெண்ணாகவும் மீட்டெடுப்பதே அதன் வெளிப்படையான நோக்கம். ஆனால் இம்முயற்சி அவரை அதனினும் ஆழமான ஓரிடத்திற்கு இட்டுச் சென்றது. மரியாள் சென்மப்பாவமின்றி உற்பவித்தாள் என்னும் அமலோற்பவக் கோட்பாடு, ஏனையோர் யாவரும் சென்மப்பாவத்துடன் பிறக்கின்றனர் என்னும் கோட்பாட்டினை அடிப்படையாகக் கொண்டது. எனவே முன்னதை ஆராய்வோர் பின்னதையும் ஆராய்தல் தவிர்க்கவியலாதது. மனிதர் யாவரும் பிறக்கும்போதே கடவுளிடமிருந்து அன்னியப்பட்டுள்ளனர். ஞானஸ்நானமே அவ்வன்னியத்தினை நீக்கும் என்றால், ஆசியாவின் கோடிக்கணக்கான பௌத்தரும் இந்துக்களும் முஸ்லிம்களும் எந்நிலையில் வைக்கப்படுகின்றனர்? இக்கோட்பாடு யேசுவின் போதனையினும் பிற்கால இறையியலாளரின், சிறப்பாக அகுஸ்தீனின், ஆக்கம் என்றும், அது மிசனரி மேலாதிக்கத்துக்கும் பெண்ணின் உடல் பற்றிய இழிவுணர்வுக்கும் துணைபோனது என்றும் பாலசூரிய வாதிட்டார். மனிதரிடம் தீமைக்கான நாட்டம் உண்டென்பதை அவர் மறுக்கவில்லை. மனித இனத்தின் எப்பகுதியினரையேனும் இழிவுபடுத்தும் எக்கோட்பாடும் யேசு காட்டிய கடவுளிடமிருந்து வந்ததாக இருத்தல் இயலாது என்பதே அவர் கொண்ட அளவுகோல்.

தண்டனையும் அதன் பின்னணியும்

1994 இல் இலங்கைக் கத்தோலிக்க ஆயர் பேரவை அந்நூலிற் கோட்பாட்டுத் தவறுகள் உளவென அறிவித்தது. அதே ஆண்டில் உரோமாபுரியின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் தனது அவதானங்களை அனுப்பியது. பாலசூரிய விரிவான விடையளித்தார். அது திருப்தியற்றதெனக் கொள்ளப்பட்டது. அவருக்கெனவே தயாரிக்கப்பட்ட விசுவாச அறிக்கையொன்றிற் கைச்சாத்திடுமாறு கோரப்பட்டது. பெண்களுக்குக் குருத்துவம் வழங்கத் திருச்சபைக்கு அதிகாரமில்லை என்னும் கூற்றும் அதில் இடம்பெற்றிருந்தது. அதற்குப் பதிலாக 1968 இற் பாப்பரசர் ஆறாம் பவுல் வெளியிட்ட விசுவாச அறிக்கையில், இறையியல் வளர்ச்சியினையும் ஆய்வுச் சுதந்திரத்தினையும் சுட்டும் வாசகமொன்றினைச் சேர்த்துப் பாலசூரிய கைச்சாத்திட்டார். அவ்வாசகமே அவ்வறிக்கையினைச் செல்லாததாக்குகிறது எனப் பேராயம் கருதியது. 1997 ஜனவரி 2 ஆந் திகதியிடப்பட்ட அறிவித்தல் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கியது. அதிற் கைச்சாத்திட்டவர் அப்போது பேராயத்தின் தலைவராகவும் பின்னர் பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ற் ஆகவும் விளங்கிய கர்தினால் யோசப் றற்சிங்கர்.

இத்தண்டனையின் கடுமை விளக்கம் வேண்டி நிற்கிறது. பாப்பரசரின் வழுவாமையினையே வினாவுக்குட்படுத்திய ஹான்ஸ் குங் 1979 இற் கத்தோலிக்க இறையியலாளராகக் கற்பிக்கும் அனுமதியினை இழந்தாரேயன்றித் திருச்சபையிலிருந்து விலக்கப்படவில்லை. ஜெர்மன் அரச பல்கலைக்கழகமொன்றில் அவருக்கிருந்த பேராசிரியர் பதவி வேறு வடிவில் 1996 வரை தொடர்ந்தது. பிறேசிலின் லியனார்டோ பொஃப் மீது 1985 இல் விதிக்கப்பட்டது மௌனக் கட்டளையே. சிறிய தீவொன்றில் வெளிவந்து குறுகிய வாசகர் வட்டத்துள் உலவிய நூலின் ஆசிரியருக்கு அவ்விருவருக்கும் விதிக்கப்படாத தண்டனை ஏன்?

இரு காரணங்களைக் கூறலாம். முதலாவது, 1990களில் உரோமாபுரியின் அச்சம் மார்க்சியத்திலிருந்து சமயப் பன்மைவாதத்தின்பால் திரும்பியிருந்தது. சோவியத் ஒன்றியத்தின் வீழ்ச்சிக்குப் பின் இலத்தீன் அமெரிக்காவினும் ஆசியாவே கோட்பாட்டு அபாயம் மிக்க பிரதேசமாகக் கருதப்பட்டது. 2000 இல் வெளிவந்த ‘தோமினுஸ் யேசுஸ்’ என்னும் ஆவணமும், இந்தியாவில் நீண்டகாலம் கற்பித்த ஜாக் துய்பூயியின் நூல்மீது நடத்தப்பட்ட விசாரணையும் இதற்குச் சான்றுகள். 1995 ஜனவரியில் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் யோசப் வாஸ் அடிகளாரை முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கக் கொழும்பு வந்தபோது, பௌத்தம் பற்றி அவர் எழுதியவற்றை ஆட்சேபித்துப் பௌத்த பிக்குமார் சமயத் தலைவர்களின் சந்திப்பினைப் பகிஷ்கரித்தனர். பாலசூரிய எழுப்பிய வினா வெறும் ஏட்டு வினாவன்று என்பதை அந்நிகழ்ச்சியே காட்டியது.

இரண்டாவது காரணம் நமக்கு நெருக்கமானது. குங்குக்கு ஒரு பல்கலைக்கழகம் இருந்தது, பாலசூரியவுக்கு இருக்கவில்லை. இலங்கையிற் கிறிஸ்தவ நாகரிகம் பல்கலைக்கழகப் பாடமாகப் பயிலப்படினும், கிறிஸ்தவ இறையியலுக்கெனத் திருச்சபைக்குக் கட்டுப்படாத வலுவான புலமைக் களமொன்று உருவாகவில்லை. எனவே அவருடைய கருத்துக்களைச் சமமானவர்களின் சபையில் வைத்து எடைபோடுவதற்கு முன்னரே, அதிகாரத்தின் சபை தீர்ப்பளித்துவிட்டது. இது ஒரு சமயத்தின் உள்விவகாரம் மட்டுமன்று. எந்நிறுவனத்தினது உண்மையினையும் அந்நிறுவனத்துக்கு வெளியே நின்று ஆராய்வதற்குரிய இடம் இந்நாட்டில் எத்துணை ஒடுங்கியது என்பதற்கு அது சான்று.

உலகின் பல பகுதிகளிலிருந்தும் எழுந்த எதிர்ப்பின் பின்னர், அவரது துறவற சபையின் முயற்சியுடன், 1998 ஜனவரி 15 ஆந் திகதி தண்டனை நீக்கப்பட்டது. அவர் ஆறாம் பவுலின் அறிக்கையில் மேலதிக வாசகமின்றிக் கைச்சாத்திட்டார். தமது எழுத்துக்களில் மயக்கங்களும் தவறுகளும் காணப்பட்டதாக உணர்வதாகவும், அதனால் விளைந்த பாதிப்புக்கு வருந்துவதாகவும் கூறினார். தவறுகள் ‘இருந்தன’ என்பதன்று, ‘காணப்பட்டன’ என்பதே அச்சொற்களின் நுட்பம். இரு பகுதியினரும் தத்தமக்கு வேண்டிய பொருளை அதிற் கண்டுகொள்ள இயன்றது. இதனைத் தோல்வியென்போரும் உளர், சமரசமென்போரும் உளர். எழுபத்து மூன்று வயதிற் தம் சமூகத்தின் வெளியே இறப்பதனை விரும்பாத ஒரு குருவானவரின் முடிவினை, எதனையும் பணயம் வைக்காத நாம் எளிதிற் தீர்ப்பிடலாகாது.

மதிப்பீடு

தண்டிக்கப்பட்டார் என்பதனால் ஒருவரின் கருத்து சரியாகிவிடாது. முற்போக்கு வட்டாரங்களிற் பாலசூரிய தியாகியாகப் போற்றப்பட்டாரேயன்றி விமர்சிக்கப்பட்டது குறைவு. சென்மப்பாவம் பற்றிய அவரது ஆய்விற் கோட்பாட்டின் சமூகப் பயன்பாடு நன்கு வெளிப்படுகிறது. அதன் உள்ளார்ந்த பொருள் போதியளவு ஆராயப்படவில்லை. ஒரு கோட்பாடு அதிகாரத்துக்குப் பயன்பட்டது என்பது, அது அதிகாரத்திலிருந்தே பிறந்தது என்பதற்கு நிரூபணமாகாது. ஆள்வோனும் ஆளப்படுவோனும், குருவும் பாப்பரசரும் ஒரே குறைபாட்டுடன் பிறக்கின்றனர் என்னும் கருத்து, அதிகாரத்தினைத் தாழ்த்தும் ஆற்றலும் உடையது.

இதனை நமது வரலாற்றோடு பொருத்திப் பார்த்தல் தகும். 1971, 1983, 1987–1989, 2009 என்னும் ஆண்டுகளைக் கடந்து வந்த நாடு இது. இங்கு ஒவ்வொரு சமூகமும் தன்னைத் தூய்மையானதாகவும் மற்றையதைப் பழிக்குரியதாகவும் கருதும் மனப்பாங்கு வேரூன்றியுள்ளது. நாம் செய்யாத ஒரு குற்றத்தின் விளைவினை நாம் அனுபவிக்கிறோம், நமது முன்னோர் செய்த ஒன்றின் பயனை நாம் நுகர்கிறோம், ஆகவே எவரும் முற்றிலும் குற்றமற்றவராகப் பிறப்பதில்லை என்னும் எண்ணம் இந்நாட்டுக்கு அவசியமானது. சமூகப் பாவம் பற்றி அழுத்தமாக எழுதிய பாலசூரிய, சென்மப்பாவக் கோட்பாட்டினைக் கைவிடாது அதனையே மரபுவழி வந்த சமூக அநீதியின் கோட்பாடாக மாற்றி விளக்கியிருப்பாராயின், அவரது வாதம் இன்னும் ஆழம் பெற்றிருக்கும். எதிராளிகளின் கையிலிருந்த படைக்கலமும் பறிக்கப்பட்டிருக்கும்.

மற்றுமொரு குறை மொழி பற்றியது. அவருடைய முக்கிய நூல்கள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. எந்த ஏழை மரியாளைப் பற்றி அவர் எழுதினாரோ, அந்த மரியாளைத் தேடி மடுவுக்குச் செல்லும் தமிழ், சிங்களப் பெண்கள் அவ்விவாதத்தின் பொருளாக இருந்தனர். அதிற் பங்காளராக இருக்கவில்லை. அப்பெண்களின் பக்தி வெறும் மயக்கமன்று. போர்க்காலத்தில் மடு ஆலயம் ஆயிரக்கணக்கானோருக்குப் புகலிடமாக இருந்தது. தூய்மையின் அரசியெனப் பாடப்பட்ட அதே மரியாளே பிள்ளையைப் பறிகொடுத்த தாயாகவும் அங்கு உணரப்பட்டாள். மக்களின் சமயத்தினை விமர்சிப்போர் முதலில் அதன் மொழியினைக் கற்றல் வேண்டும் என்பது பாலசூரியவுக்கு மட்டுமன்றி நம் அனைவருக்கும் உரிய பாடம்.

இக்குறைகள் அவரது இடத்தினைச் சிறிதாக்கா. புலமை ஒரு பொறுப்பு, நம்பிக்கையும் ஒரு பொறுப்பு, ஒன்றினைக் காக்க மற்றதனைப் பலியிடுதல் ஆகாது என்பதனை அவர் வாழ்ந்து காட்டினார். பதவியினைத் துறந்து நிலையமொன்றினைத் தொடங்கியபோதும், கைச்சாத்திட மறுத்தபோதும், இறுதியிற் கைச்சாத்திட்டபோதும் அவர் இவ்விரண்டினையும் விட்டு நீங்க விரும்பவில்லை. 2013 ஜனவரி 17 ஆந் திகதி அவர் காலமானபோது திருச்சபையின் குருவானவராகவே இருந்தார். அவர் எழுப்பிய வினாக்கள் இன்னும் விடை காணாதிருக்கின்றன. அவற்றை ஆங்கில நூல்களிலிருந்து மீட்டுத் தமிழிலும் சிங்களத்திலும் மீண்டும் எழுப்புவதே அவருக்குரிய நியாயமான விமர்சனமாகும்.